அண்ணாச்சியின் முதல் வரி

"இந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே ஒன்பது நாவல் எப்படி மேடம் எழுதினீங்க?"

ஆவுடையப்பன் கேட்டது கேள்வி மாதிரி இல்லை, வழக்குத் தொடுத்த மாதிரி இருந்தது.

அவர் அந்த வாரப் பத்திரிகையின் துணை ஆசிரியர். வயது ஐம்பத்தாறு. ஆபீசுக்கே அண்ணாச்சி. எப்பேர்ப்பட்ட எழுத்தாளரின் கதையானாலும் அவருடைய சிவப்புப் பேனாவிடம் பிழைத்த பிறகுதான் அச்சுக்குப் போகும்.

அவருக்குள்ளேயும் ஒரு நாவல் இருந்தது. தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றியது. இருபது வருஷமாகியும் வெளியே வந்தபாடில்லை.

ஆசிரியர் மரகதவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். பத்திரிகையையும் நடத்திக்கொண்டு நாவலும் எழுதிக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கேக்குறீங்க அண்ணாச்சி?"

"நான் வேலையை விடப்போறேன். இங்க இருந்தா எழுத முடியாது."

"ஏன் முடியாது?"

கேட்டதுதான் தாமதம், அண்ணாச்சி கொட்டித் தீர்த்துவிட்டார். ஓயாமல் அடிக்கும் போன். தீபாவளி மலர், பொங்கல் மலர். மகள் படிப்பு, மகள் கல்யாணம்.

மரகதவல்லி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீளம் அண்ணாச்சி. பக்கத்துல அடங்காது. பாதியாக்குங்க."

அண்ணாச்சிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் வெட்டச் சொன்னால் அவர் மூளை சும்மா இருக்குமா?

"மகள் கல்யாணம் முடிஞ்சு நாலு வருஷமாச்சு. பழைய சேதி. எடுத்துரலாம்."

"இன்னும் நீளம்."

"போன் சத்தம்... அந்தச் சத்தத்துலதான் ஊர்க் கதையெல்லாம் திருத்துறேன். வாசகன் நம்ப மாட்டான். அதுவும் வேண்டாம்."

"மலர் வேலை?"

"அது வருஷத்துல ரெண்டு மாசம். மிச்ச மாசமெல்லாம் என்ன பண்ணினேன்னு கேப்பான்."

"சரி. ரெண்டு வரிக்குத்தான் இடம் இருக்கு. சொல்லுங்க."

அண்ணாச்சியின் குரல் இறங்கியது.

"முதல் வரி எழுதுவேன். நல்லா இருக்காது. அடிச்சிடுவேன். இருபது வருஷமா அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அவமானமாக இருந்தது.

மரகதவல்லி போனை எடுத்தார். பக்கம் வடிவமைக்கும் ஏசுதாசனைக் கூப்பிட்டார்.

"அடுத்த இதழ்ல புதுத் தொடர்கதை. எழுதுறது ஆவுடையப்பன். இந்த இதழ்லயே அறிவிப்புப் போட்டுருங்க. அண்ணாச்சி ஒரு தாள் எழுதி முடிச்சதும் கையோட வாங்கிடணும். அச்சாகிற வரைக்கும் அவர் கண்ணுல காட்டக் கூடாது."

அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் திரும்பிப் பார்க்காம எப்படி மேடம்? தப்பு இருந்தா?"

"இருக்கும்."

"வாசகன் சிரிப்பானே!"

"சிரிக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலையை விடாதீங்க."

அறிவிப்பு வந்துவிட்டது, கொட்டை எழுத்தில் பெயரோடு. தூத்துக்குடியிலிருந்து மைத்துனர் போன் போட்டு வாழ்த்திவிட்டார். இனிப் பின்வாங்கினால் ஊர் முகத்தில் எப்படி முழிப்பது?

அண்ணாச்சி உட்கார்ந்தார். முதல் வரி எழுதினார். நல்லா இல்லை.

அடிக்கக் கை பரபரத்தது. எதிரே ஏசுதாசன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தாள் முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"முடியல. பொறும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் வரி எழுதினார். அதுவும் சுமார்தான். இருந்தாலும் இரண்டாம் வரி என்ற ஒன்றை எழுதியே இருபது வருஷம் ஆகியிருந்தது. நிறுத்தவில்லை. உப்புப் பாத்தி வந்தது, அப்பா வந்தார், அப்பாவின் வெடித்த பாதம் வந்தது. ஏசுதாசன் தாள் தாளாக வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. படித்த அண்ணாச்சி, பேனாவும் கையுமாக ஆசிரியர் அறைக்கு ஓடினார்.

"தொடரை நிறுத்திடுங்க மேடம். முதல் வரியே சொதப்பல். பாருங்க, பக்கம் முழுக்க அடிச்சிருக்கேன். மானம் போச்சு."

மரகதவல்லி பக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தான் அடிச்சிருக்கீங்க."

எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். தன்னுடைய முதல் நாவலை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

அச்சான பக்கங்கள். முதல் வரி அடிக்கப்பட்டிருந்தது. அடுத்த பத்தியும். ஓரமெல்லாம் மரகதவல்லியின் கையெழுத்தில் சிவப்பு.

இரண்டாவது நாவலை எடுத்து வைத்தார். அதிலும் சிவப்பு.

"எல்லாம் கடைக்குப் போனப்புறம் அடிச்சது," என்றார்.

போகப் போகக் குறைந்திருக்கும் என்று அண்ணாச்சிக்கு ஒரு நப்பாசை. தானே பீரோவுக்குள் கைவிட்டு ஒன்பதாவது நாவலை உருவிப் பிரித்தார்.

முதல் நாவலைவிட அதில்தான் சிவப்பு அதிகம்.

அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். பேனாவையும் மூடினார்.

"ரெண்டாம் அத்தியாயம் செவ்வாய்க்கிழமைதானே வேணும்?"

"ஆமா."

"ஏசுதாசனை இப்பவே வந்து உட்காரச் சொல்லுங்க."