கெம்பி கொடுத்த தண்ணீர்

துரைமார் மலையைக் குடைந்து தங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மலையடிவாரத்து முருகன் கோயிலில் செங்கமலத்தம்மை என்றொரு ஞானி இருந்தாள். அவளுடைய சீடர் வைத்திலிங்கம் அவளைவிட மூத்தவர். நல்ல மனிதர், பக்திமான்.

ஒருநாள் அவர் பட்டில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். பிரித்தால் பொன்வேல். கண்ணைப் பறித்தது.

"அம்மா, கம்பெனி துரை நம்ம முருகனுக்குக் கொடுத்தனுப்பியிருக்கார்!"

"சும்மாவா கொடுத்தார்?"

வைத்திலிங்கம் இழுத்தார். "மேல் ஊற்றுப் பக்கம் புதுசாச் சுரங்கம் தோண்டணுமாம். மலைச் சனங்க அங்கே மண்வெட்டியைத் தொட மாட்டோம்னு நிக்கிறாங்களாம். தைப்பூசத்தன்னிக்கு நீங்க வந்து ஒரு தேங்காய் உடைச்சா, உங்க பேச்சுக்குக் கட்டுப்படுவாங்களாம்."

அம்மை வேலைத் தொடாமலே பார்த்தாள்.

"மண்ணிலே பிறந்த பொன், அம்மா. பொன்னுக்கு என்ன பாவம்?"

அம்மை குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்க, அபிஷேகத்துக்கு ஓடையிலே தண்ணி மொண்டு வருவோம்."

வேலைத் தனியே விட்டுவர வைத்திலிங்கத்துக்கு மனசு வரவில்லை. சுமந்துகொண்டே மலை ஏறினார்.

அவர் அந்தப் பக்கம் போய் வெகுகாலமாகிவிட்டது. மரமெல்லாம் கம்பெனி கொதிகலனுக்கு விறகாகிப் போயிருந்தது. மலை, மொட்டையடித்த தலைபோல நின்றது. கல் இடிக்கும் யந்திரம் ஓயாமல் இடித்தது. ஓடை சாம்பல் நிறத்தில் ஓடியது. கரையில் ஒரு தவளைகூட இல்லை.

ஓடையோரக் குடிசையிலிருந்து மலைக்குடிப் பெண் கெம்பி எட்டிப் பார்த்தாள். முன்பெல்லாம் கோயிலுக்குத் தேன் கொண்டுவருவாள். இப்போது பொடித்த கல்லில் பாதரசம் சேர்த்துக் கையால் பிசைந்து தங்கம் பிரிக்கும் கூலிக்காரி.

"என்ன சாமி, வேலைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? எங்களைக் குத்தவா?" என்று சிரித்தாள்.

சிரித்த வாயில் பல் இல்லை. ஈறு கறுத்திருந்தது. அவளுக்கு அம்மையின் வயதில் பாதிகூட இருக்காது.

ஏறிவந்த களைப்பில் வைத்திலிங்கத்துக்கு நா வறண்டது. "தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடு."

கெம்பியின் சிரிப்பு நின்றது. அம்மையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சுரைக்குடுக்கையை எடுத்துப்போய் ஓடையில் மொண்டு வந்தாள். குடுக்கை அவள் கையில் கிடுகிடுவென்று ஆடித் தளும்பியது. அவர்கள் குடியில் ஒரு முறை உண்டு. தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. கொடுப்பவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

கெம்பி ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக மூடி விழுங்கினாள்.

வைத்திலிங்கம் கையை நீட்டினார். அவள் மிச்சத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள்.

"முறைக்கு நான் குடிச்சாச்சு சாமி. நீங்க குடிக்க வேணாம். இது ஆளைத் தின்னுற தண்ணி. என் வீட்டுக்காரனும் போயிட்டான்."

அவர் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அடிப்பாவி! தெரிஞ்சேவா குடிச்சே?"

"நீங்க கேட்டுட்டீங்களே."

"நல்ல தண்ணியே கிடையாதா?"

"மேல் ஊத்திலே இருக்கு. இத்துனூண்டுதான் ஊறுது. அது பிள்ளைங்களுக்கும் பிள்ளைத்தாச்சிங்களுக்கும். பெரியவங்க யாரும் அதிலே வாய் வைக்கிறதில்லே."

குடிசைக்குள் ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது. கெம்பி உள்ளே போனாள்.

வைத்திலிங்கத்தின் கையிலிருந்து பட்டுத்துணி நழுவி விழ, வெறும் வேலோடு நின்றார்.

"அம்மா... இதை நான் என்ன செய்யட்டும்?"

அம்மை வெறுங்குடத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தண்ணியை ரொப்பிக்கிட்டு வாங்க. பொன்னுக்குத்தான் பாவம் இல்லையே. பூசத்தன்னிக்கு வேலுக்கு அபிஷேகம் பண்ணுவோம். ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தீர்த்தம் கொடுக்குறது உங்க கை. கொடுக்கிறதுக்கு முன்னே, நீங்க ஒரு வாய் குடிச்சிடுங்க."

வைத்திலிங்கம் குடத்தைத் தொடவில்லை.