ஓசாகாவைச் சுற்றிய கைக்குட்டை

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குக் காலையில் புறப்படும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், ஓர் இருக்கை யாருக்குரியது என்பதை அதன்மேல் விரித்திருக்கும் கைக்குட்டையே தீர்மானிக்கும். ரயில்வே விதிகளில் இதற்கு இடமில்லை என்பதை நான் அறிவேன். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறவள். விதியையும் வழக்கத்தையும் குழப்பிக்கொள்வதில்லை. இருந்தாலும், அரக்கோணத்தில் ஏறியதும் எனக்கு எதிரேயுள்ள ஜன்னலோர இருக்கையில் என் வெள்ளைக் கைக்குட்டையை நான் விரித்துவைப்பதும், திருவள்ளூரில் ஏறும் சௌந்தரவல்லி அதை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அங்கே உட்காருவதும் பல ஆண்டுகளாகத் தவறாமல் நடந்துவந்தன.

சௌந்தரவல்லி பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மகளையும் மருமகனையும் பார்க்க ஒரு மாத விடுப்பில் ஜப்பானிலுள்ள ஓசாகா நகருக்குப் போய்வந்து, அன்றுதான் வேலைக்குத் திரும்புகிறார். முந்தைய நாள் மாலை தொலைபேசியில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டீச்சர், ஊரெல்லாம் நடந்து முட்டி வீங்கிப்போயிருக்கு. சென்ட்ரல் வரைக்கும் என்னால நிக்க முடியாது. எப்படியாவது சீட்டு போட்டு வச்சிடுங்க.”

போட்டுவைத்தேன். ஆனால் கடம்பத்தூரில் ஏறிய ஒரு பெண், காதுகளில் பாட்டு கேட்கும் கருவியும் முதுகில் கனத்த பையுமாக, அந்த இருக்கையின் முன்னால் வந்து நின்றாள். நான் இதற்குமுன் அவளைப் பார்த்ததில்லை.

“இங்கே ஆள் வருதும்மா” என்றேன்.

“ஆள் எங்க மேடம்?”

“திருவள்ளூர்ல ஏறுவாங்க.”

“அப்ப இது?”

“கர்ச்சீப்.”

“கர்ச்சீப்புக்கு சீசன் டிக்கெட் இருக்கா?”

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். அவள் கைக்குட்டையை என்னைவிட ஒழுங்காக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீங்க ஒரு அதட்டு அதட்டியிருக்கணும்” என்று என் காதோடு சொன்னாள் பக்கத்திலிருந்த நஸீமா. சென்ட்ரலுக்கு அருகே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை அட்டையில் அச்சடித்திருக்கும் தேதியைக்கூட இரண்டு முறை படித்தபிறகே நம்புவாள்.

திருவள்ளூரில் சௌந்தரவல்லி நொண்டியபடி ஏறினார். இருக்கையைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடந்ததை, சீசன் டிக்கெட் கேள்வி உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. மேலே தொங்கிய கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நஸீமாவிடம் பேசுவதுபோல, ஆனால் பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“ஒரு கர்ச்சீப்புக்கு ஜப்பான்ல என்ன மரியாதைன்னு தெரியுமா நஸீமா?”

“தெரியாதுக்கா. சொல்லாம விடமாட்டீங்க, சொல்லுங்க.”

“போன ரெண்டாம் நாள். மாப்பிள்ளை ஆபீஸ் போயிட்டாரு, மகளுக்கும் வேலை. நான் தனியா ஊர் சுத்திப் பாத்துட்டு, ஓசாகா கோட்டை வாசல்ல பிலோமினாவைப் பாக்கறதா ஏற்பாடு.”

பிலோமினா எங்களோடு இதே பெட்டியில் வந்துகொண்டிருந்தவர். பிறகு மகனின் குடும்பத்தோடு போய் ஓசாகாவில் குடியேறிவிட்டார்.

“அந்த ஊர்ல ஒரு ரயிலு, ஊரை வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும். பிளாட்பாரத்துக்குப் போனா செம கூட்டம். பழக்கதோஷம், ஜன்னல் வழியா சீட்டு போட இடுப்புல இருந்த கர்ச்சீப்பை எடுத்துட்டேன்.”

“அங்கே ஜன்னல் திறக்காதேக்கா. நான் வீடியோல பாத்திருக்கேன்.”

“திறக்காதுதான். அதனால கண்ணாடிக்கு வெளிய நின்னு கர்ச்சீப்பைக் காட்டினேன். உள்ள உக்காந்திருந்த ஒரு பெரியவர் அதைப் பாத்தாரு. அப்படியே எழுந்து, கதவு வரைக்கும் வந்து, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டுப் போய், தன்னோட சீட்டுல விரிச்சு வச்சு, சுருக்கம் எடுத்து விட்டாரு. நான் அதைப் பாத்து அசந்து நிக்கறேன், கதவு மூடிக்கிச்சு. ரயில் போயிடுச்சு. கர்ச்சீப் உள்ள, நான் வெளிய.”

புட்லூரில் ஏறிய இருவர் இடம் தேடுவதை விட்டுவிட்டு நின்றார்கள்.

“பயந்திருப்பீங்களே” என்றேன்.

“எதுக்கு டீச்சர்? வட்டமா ஓடற ரயிலு, எங்க போயிடும்? இருந்த இடத்துலயே நின்னேன். சுத்திட்டு வந்துச்சு. உள்ள பாத்தா நிக்கக்கூட இடம் இல்லாத கூட்டம். ஆனா அந்த சீட்டுல ஒருத்தரும் உக்காரல. கர்ச்சீப்பைச் சுத்தி மரியாதையா இடம் விட்டு நிக்கறாங்க. வெயில் படுதுன்னு ஒரு அம்மா குடை வேற பிடிச்சிருக்கா.”

“ரயிலுக்குள்ளயா?”

“ஜன்னல் வெயிலும்மா. கர்ச்சீப் வெளுத்துடக்கூடாதுன்னு.”

“நீங்க ஏற வேண்டியதுதானே, அது என்னுதுன்னு சொல்லி?”

“எந்த பாஷைல சொல்றது? வெள்ளைக் கையுறை போட்டவர் ஒருத்தர் வாசல்ல நின்னுக்கிட்டு, இடமில்லைன்னு எனக்கு ஒரு கும்பிடு, உள்ள திரும்பிக் கர்ச்சீப்புக்கு ஒரு கும்பிடு. சரி, பிலோமினா காத்துக்கிட்டிருப்பாளேன்னு அடுத்த ரயில்ல ஏறிட்டேன். அதுல நின்னுக்கிட்டுத்தான் போனேன். இருந்த கர்ச்சீப்தான் முன்னாடி போயிடுச்சே.”

எதிரே இருந்த பெண் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு காதிலிருந்து மட்டும் கருவியைக் கழற்றியிருந்தாள். நஸீமா என் முழங்கையை இடித்தாள்.

“பிலோமினா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கா. ஆனா அந்த ஊர் பழக்கம் முழுசா தொத்திக்கிச்சு. போன் பேசும்போதுகூடக் குனிஞ்சு குனிஞ்சு கும்பிடறா. என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே கும்பிட்டதுல என் தோள்ல அவ மூக்குதான் இடிச்சுது. கோட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கேருந்து பாத்தா ரயில் போறது பொம்மை மாதிரி தெரியுது. நம்ம ரயில் மட்டும் மெதுவா போகுது. ஏன்டி பிலோமினான்னு கேட்டா, வேகமாப் போனா கர்ச்சீப் நழுவிடும்னு டிரைவருக்கு உத்தரவாம்.”

“கோட்டை மாடில இருக்கிற பிலோமினாக்காவுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?”

“ஊரே பேசிக்கிட்டிருந்துச்சு நஸீமா. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மைக்ல சொல்றாங்க. கர்ச்சீப் பத்திரமா இருக்கு, அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாச்சு, வழியில நிக்கறவங்க தும்ம வேணாம்னு.”

பட்டாபிராம் வந்தது. சௌந்தரவல்லி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டார். அவருடைய முகம் சுருங்கியதை நான் கவனித்தேன். இருக்கையில் இருந்த பெண்ணும் கவனித்திருக்க வேண்டும்.

“அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன் ஆபீசுக்குப் போனோம். பிலோமினா அவங்க பாஷைல விஷயத்தைச் சொன்னா. கேட்டதும் அந்த ஆபீசர் முகம் வெளிறிப்போச்சு. ஒரு பயணியோட கர்ச்சீப்பை, பயணி இல்லாம ஊரைச் சுத்திக் காட்டிட்டோமேன்னு மன்னிப்புக் கேட்டுக் குனிஞ்சாரு. பதிலுக்கு பிலோமினா குனிஞ்சா. அவ குனிஞ்சிட்டாளேன்னு அவர் இன்னும் கொஞ்சம் குனிஞ்சாரு. இவ விடுவாளா? மத்தியானச் சாப்பாட்டு நேரம் போயிடுச்சு. கடைசியில அவ தலை தரையைத் தொட்டதும் நான் பிடிச்சு நிமித்திட்டேன். அந்த ஆபீசர் நிமிரவே இல்ல. மறுநாள் அந்தப் பக்கம் போனப்பவும் அப்படியேதான் இருந்தாரு. அவர் முதுகு மேல டீ கப்பு வச்சிருந்தாங்க.”

பெட்டியின் மறுகோடியில் யாரோ சிரித்தார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த பெண் நாரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கர்ச்சீப்பு என்னாச்சு அதைச் சொல்லுங்க.”

“அதான் விஷயம். என் கர்ச்சீப்புல எப்பவும் முட்டிக்குத் தடவற தைல வாசனை இருக்கும். டீச்சருக்குத் தெரியும்.”

தெரியும் என்று தலையசைத்தேன். அவர் சொன்னவற்றுள் நான் சாட்சி சொல்லக்கூடிய செய்தி அது ஒன்றுதான்.

“அந்த வாசனை பெட்டி பூரா பரவிடுச்சு. அதுல வந்த கிழவன் கிழவிங்களுக்கெல்லாம் முட்டி வலி போயிடுச்சு. கைத்தடியை வச்சுட்டு இறங்கறாங்க. ஸ்டேஷன்ல கைத்தடி மலை மாதிரி குவிஞ்சு கிடக்குது. எண்பது வயசுப் பாட்டி ஒருத்தி கோட்டைப் படியில ரெண்டு ரெண்டு படியா தாவி எங்களை முந்திக்கிட்டுப் போறா. பக்கத்து ஊர்லேருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பிச்சாச்சு.”

“அவ்ளோ வேலை செய்யற தைலம் உங்க முட்டிக்கு ஏன்க்கா வேலை செய்யல?” நஸீமா மருந்துக்கடைக் குரலில் கேட்டாள்.

சௌந்தரவல்லி ஒரு கணமும் தயங்கவில்லை.

“கர்ச்சீப்புதான் அங்கே இருக்கே.”

ரயில் ஆவடியில் நின்று கிளம்பியது. இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் அதிகம். யாரோ ஒருவருடைய சாப்பாட்டுப் பை சௌந்தரவல்லியின் முழங்காலில் இடிக்க, அவர் பேச்சை நிறுத்திக் கண்களை மூடிக்கொண்டார். அப்போது அந்தப் பெண் இரு காதுகளிலிருந்தும் கருவிகளைக் கழற்றிப் பையில் போட்டாள். எழுந்து நின்றாள்.

“ஆன்ட்டி, நீங்க உக்காருங்க.”

நானும் நஸீமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வென்றாயிற்று. அவர் செய்யவேண்டியது உட்காருவது மட்டுமே.

சௌந்தரவல்லி கண்களைத் திறந்தார். பெட்டி முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்து அவளை மறுபடியும் இருக்கையில் அழுத்தினார்.

“இரும்மா, இப்பத்தான் முக்கியமான கட்டம். உக்காந்து கேளு. நடுவுல எழுந்தா எனக்குக் கோர்வை விட்டுடும்.”

“இல்ல ஆன்ட்டி, உங்களுக்குக் கால்...”

“கால் எங்க போகுது. கேளு. சாயங்காலம் ஆச்சு. ஆபீஸ் விடற நேரம். கர்ச்சீப் இருக்கிற பெட்டியில ஜனம் ஏற மாட்டேங்குது, சங்கடமா இருக்காம். அதனால பின்னாடி ஒரு பெட்டி சேத்தாங்க. அது நிறைஞ்சதும் இன்னொண்ணு. சேத்துச் சேத்து, இருட்டறதுக்குள்ள ரயிலோட வாலு ஊரைச் சுத்தி வந்து தலையைத் தொட்டுடுச்சு. இப்ப ரயில் நகரவே வேணாம். இந்தக் கதவுல ஏறி, உள்ளயே நடந்து, வேணுங்கற ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம்.”

“அப்ப வேகமாப் போனா நழுவிடும்ங்கற பிரச்சினையும் இல்ல” என்றாள் நஸீமா.

“அதேதான். உனக்கு இப்பத்தான் புரியுது.”

“நீங்க உங்க சீட்டுக்குப் போனீங்களா இல்லையா?”

“போனேனே. நானும் பிலோமினாவும் பெட்டி பெட்டியா நடந்து போய்ச் சேந்தோம். கர்ச்சீப்போட சொந்தக்காரின்னு தெரிஞ்சதும் கூட்டம் ரெண்டா விலகிச்சு. காலைல சீட்டு கொடுத்த பெரியவர் இன்னும் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்காரு. என்னைப் பாத்து அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் மெதுவா கர்ச்சீப்பை எடுத்துட்டு உக்காரப் போனேன். கையுறைக்காரர் குறுக்க கையை நீட்டிட்டாரு.”

“ஏன்?”

கேட்டது அந்தப் பெண்.

“நீ கேட்ட கேள்விதாம்மா. அவங்களும் சீசன் டிக்கெட்டைப் பாக்கணும்னாங்க. ரயில்வேக்காரங்களே மத்தியானம் ஒண்ணு எடுத்து வச்சிட்டாங்க, போட்டோ ஒட்டின டிக்கெட்டு. ஆனா அது கர்ச்சீப் பேர்ல. போட்டோவும் கர்ச்சீப்போடது. சீட்டு அதுக்கு. எனக்கு இல்ல. பிலோமினா எவ்வளவோ பேசிப் பாத்தா. சட்டம் சட்டம்தான்னுட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கர்ச்சீப்பை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். இன்னிக்கும் அது ஓசாகாவுல உக்காந்திருக்கு. பிலோமினா தினமும் வேலை முடிஞ்சு அதுக்குப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, அரக்கோணம் வண்டி இன்னிக்கு லேட்டாமே, டீச்சர் பேப்பர் திருத்தறாங்களா, நஸீமா யாரையாவது நம்பினாளான்னு விசாரிச்சுட்டுப் போறா.”

ரயில் வியாசர்பாடியைத் தாண்டியபோது நஸீமா கூட்டிக் கழித்துச் சொன்னாள்.

“ஆகமொத்தம், அங்கயும் நின்னுக்கிட்டுதான் வந்திருக்கீங்க.”

பேசின் பிரிட்ஜில் வழக்கம்போல் சிறிது நேரம் காத்திருந்து, ரயில் சென்ட்ரலை அடைந்தது. பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு எழுந்து, மடித்த கைக்குட்டையை இரண்டு கைகளாலும் சௌந்தரவல்லியிடம் நீட்டினாள்.

“இப்பவாவது உக்காருங்க ஆன்ட்டி. சீட்டு காலி.”

அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். பிறகு உண்மையாகவே உட்கார்ந்தார். முழங்காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “ஒரு அஞ்சு நிமிஷம் டீச்சர். இறங்கிடறேன்” என்றார். பெட்டியில் நாங்கள் மூவர் மட்டுமே மிஞ்சியிருந்தோம்.

அவர் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டபோது, பிளாட்பாரத்துப் பக்கத்து ஜன்னல் கம்பிகளின் இடையே ஒரு கை நுழைந்தது. நீலக் கரை போட்ட கைக்குட்டை ஒன்று பறந்துவந்து சௌந்தரவல்லியின் மடியில் விழுந்தது. அதே ரயில் அரக்கோணத்துக்குத் திரும்புகிறது என்பதை நாங்கள் மூவருமே மறந்திருந்தோம்.

“அக்கா, அந்த சீட்டுக்கு ஆள் வருது” என்றது வெளியே ஒரு குரல்.

சௌந்தரவல்லி மடியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எழுந்தார். அந்தக் கைக்குட்டையை இரு கைகளாலும் இருக்கையில் விரித்து, சுருக்கம் நீவி, அதன் முன்னால் மெல்லக் குனிந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை.

நஸீமா அவருடைய குனிந்த முதுகைப் பார்த்தாள்.

“டீ கப்பு கொண்டு வரட்டுமாக்கா?” என்றாள்.