சொம்புத் தண்ணீர் மழை

ஏகாம்பரம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. வாணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஸீமாவைத்தான் அவர் டீச்சரம்மா என்று கூப்பிடுவார். ஏலகிரி மேல் கட்டுகிற கோடை இடிமேகம் எந்தப் பக்கம் சாயும் என்று அவள் சொன்னால், பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

அந்த வட்டாரத்தில் மழைக் கிறுக்கு பிடித்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மழைமானி. காலை எட்டரைக்கு அளந்து நஸீமாவுக்கு அனுப்புவார்கள். அவள் பட்டியலாக்கி இணையத்தில் போடுவாள். மழை பெய்யாத ஊர்க்காரர்கள் எதுவும் அனுப்புவதில்லை. வெறும் கையைக் காட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

ஏகாம்பரத்தின் ஊர் மேல்காரப்பட்டில் இருபத்தாறு நாளாக ஒரு சொட்டு விழவில்லை. இருபத்தேழாம் நாள் பட்டியலில் பதினாலு மில்லிமீட்டர் என்று வந்தது. அதற்கு மறுநாள் மத்தியானம் அவர் கடைக்கு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"பதினாலு மில்லிமீட்டரா?"

"தெரியுமா?"

"ராடார்ல உங்க ஊர் மேல மேகமே இல்லையே சார். மலையைத் தாண்டுறதுக்குள்ள கலைஞ்சு போச்சு. எதுல ஊத்தினீங்க?"

"சொம்புல."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"தெரிஞ்சும் ஏன் பட்டியல்ல போட்டீங்க டீச்சரம்மா?"

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு கவுசல்யா மஸ்கட்ல இருக்கா. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. இனிமே நானா உங்கூடப் பேசமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூணு வருஷம் ஆச்சு. ஆனா உங்க பட்டியலை அவ தெனமும் பாக்குறா. நம்ம ஊர் பேரு அதுல வந்தா மட்டும் எனக்குப் போன் பண்ணுவா. மழை எவ்வளவுப்பா, கெணத்துல தண்ணி ஏறிச்சான்னு கேப்பா. ரெண்டு நிமிஷம். வேற பேச்சு கெடையாது."

"நேத்து பண்ணாங்களா?"

"பண்ணினா. மண் வாசனை வருதாப்பான்னு கேட்டா. வருதும்மான்னேன். அப்ப அவ மூச்சை நல்லா உள்ள இழுத்தா டீச்சரம்மா. அங்கருந்தே. எனக்குக் கேட்டுச்சு."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆதார் நகல் எடுக்க வந்த ஒருவர், அப்புறம் வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் போனார்.

நஸீமா மேசைக்கு அடியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தாள். அவளுடைய வீட்டு மழைமானியின் கணக்கு அது. பக்கத்தைப் புரட்டினாள். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், மூன்று புள்ளி இரண்டு, மறுபடி பக்கம் முழுக்கப் பூஜ்ஜியம்.

"மழை இல்லாத நாளையெல்லாமா எழுதுறீங்க?"

"ஆமா."

"எதுக்கு? அதுல என்ன இருக்கு?"

"அன்னைக்கும் எட்டரைக்குப் போய்ப் பாத்தேன் சார்."

ஏகாம்பரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச், ஏப்ரல், மே. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

வெளியே வெளிச்சம் சட்டென்று மங்கியது. தெற்கே ஒரு மின்னல் வெட்டியது. இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்கள். இருபத்தொன்றில் இடி கேட்டது. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்.

"ஏழு கிலோமீட்டர்," என்றார் அவர். குரலில் ஆசை எட்டிப் பார்த்தது. "நம்ம ஊர்ப் பக்கம் வருமா?"

அவள் போனில் ராடாரைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள்.

"இல்ல சார். ஆலங்காயம் பக்கம் போகுது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஏங்கி ஏங்கிப் பழகிப்போனாலும் அந்த ஒரு வார்த்தை ஒவ்வொரு தடவையும் வலிக்கத்தான் செய்தது.

"பதினாலை எடுத்துடுங்க டீச்சரம்மா."

அவள் பட்டியலைத் திறந்து அதை அழித்தாள். மேல்காரப்பட்டுக்கு நேராகப் பூஜ்ஜியம் என்று போட்டாள்.

"அவ பாத்துடுவா," என்றார்.

"பாப்பாங்க."

"இனிமே நெஜமா மழை பெஞ்சாக்கூடக் கூப்பிட மாட்டாளே."

நஸீமா அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் மகளுடைய பெயரைத் தேடி எடுத்தார். விரல் அதன் மேல் நின்றது. தெருவில் காற்று புழுதியை வாரிக்கொண்டு போனது. மேகம் ஆலங்காயத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது டீச்சரம்மா? ஊர்ல மழைகூட இல்லையே."

"அதைச் சொல்லுங்க."