ஒற்றைச் சுள்ளி உலை

கல்லாற்றூரை உத்தண்டராசா ஆண்ட அந்தக் காலத்தில், அரண்மனை அடுக்களையில் ஒருத்தி விடிந்ததிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். பெயர் உமையாள். ராஜாவுக்குச் சோறு பொங்கிப் பரிமாறுகிறவள். அன்றைக்கு அவள் ராஜாவிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் அவள் கதியும் அதோகதி, அவள் புருஷன் கதியும் அதோகதி.

கோட்டை வாசலில் அகழிக்கு மேலே ஒரு தூக்குப்பாலம் உண்டு. எதிரி வந்தால் பத்து ஆள் சேர்ந்து சங்கிலியை இழுப்பார்கள். நாலு மூச்சு விடுவதற்குள் பாலம் மேலே போய்விடும். அந்தப் பத்துப் பேரில் தலைவன் உமையாளின் புருஷன் வைரவன். பத்துப் பேரையும் அங்கே வைத்தவர் மந்திரி அதியப்பர். மந்திரி மேல் பொறாமை கொண்டவன் விருத்தகிரி. ராஜாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அவன் என்ன செய்தான்? கப்பிமேல் கப்பியாக மாட்டி, ஒற்றை ஆளை விட்டே பாலத்தைத் தூக்கிக் காட்டினான். தூக்கி முடிப்பதற்குள் தூணின் நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

"அதே பாலம், அதே உயரம், மகாராஜா! பத்துப் பேர் வேலையை ஒருத்தனே செய்துவிட்டான் பாருங்கள். மற்றவர்கள் தின்பதெல்லாம் தண்டச்சோறு" என்றான்.

ராஜா பூரித்துப்போனார். வைரவனை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார். வேண்டாம் என்று தடுத்த மந்திரிக்கு, பௌர்ணமி வரை சபையில் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வைரவனுக்கோ, "எதிரி வரும்போது பாலம் கீழே கிடந்தால் உன் தலை இருக்காது."

முந்தின நாள்தான் எதிரியான வடக்கத்திப் பாளையக்காரனின் குதிரைப்படைகள் ஆற்றங்கரை வரை வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தன.

இன்று விடிந்ததும் மந்திரி அடுக்களைப் பின்வாசலுக்கு வந்தார். "உமையாள், எனக்குத்தான் வாய்ப்பூட்டு. பரிமாறும்போது நீ சொன்னால் ராஜா கேட்பார். வேலை ஒன்றுதான். அதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்பதுதான் திறன். வேலை அதேதான், ஆனால் நேரம் பல மடங்கு கூடினால் திறன் அத்தனை மடங்கு குறைந்துபோகும். இதைச் சொல்லிவிடம்மா."

"வேலை, திறன்... சாப்பாட்டுக் கூடத்துக்குப் போறதுக்குள்ள ரெண்டும் எனக்குள்ள இடம் மாறிப்போயிடுமுங்க ஐயா. ராஜா குறுக்கே ஒரு கேள்வி போட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

மந்திரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். உமையாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைய விறகுக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு எல்லாக் கொள்ளிகளையும் வெளியே இழுத்து அணைத்தாள். ஒரே ஒரு சுள்ளியை மட்டும் உள்ளே விட்டாள்.

மத்தியானம் இலை போட்டாயிற்று. சோறு வரவில்லை.

"என்னடி இது?" ராஜா கர்ஜித்தார்.

"உலை இன்னும் கொதிக்கலீங்க, மகாராஜா."

"விறகைத் திருடி விற்றுவிட்டாயா?" என்றான் விருத்தகிரி.

"ஒரு சுள்ளிகூடக் குறையலீங்க. வந்து பாருங்க."

ராஜா கோபமாக அடுக்களைக்குள் நுழைந்தார். பெரிய பானைக்குக் கீழே ஒற்றைச் சுள்ளி புகைந்துகொண்டிருந்தது. பானைக்குள் விரலை விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

"எல்லாத்தையும் சேர்த்து வையடி!"

"எதுக்குங்க? அதே கட்டு, அதே விறகு. பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணொண்ணா எல்லாம் எரிஞ்சு முடிஞ்சிடும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல வைக்கிறது தண்டம்தானுங்களே?"

விருத்தகிரிக்குப் பசி. "அறிவு கெட்டவளே! ஒவ்வொன்றாக எரித்தால் வந்த சூடு வந்தபடியே போய்விடுமே! ராத்திரி வரை எரித்தாலும் கொதிக்காது. பசி உனக்காகக் காத்திருக்குமா?"

"காத்திருக்காதுங்க" என்றாள் உமையாள். "பாளையக்காரன் குதிரையும் காத்திருக்காது."

ராஜாவின் விரல் பானைக்குள்ளேயே இருந்தது.

"வாசலில் இப்போது எத்தனை பேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தர்தானுங்க. என் வீட்டுக்காரர்."

ராஜா விருத்தகிரியைத் திரும்பிப் பார்த்தார். "ஒன்பது பேரும் திரும்பி வரும்வரை நீ போய் அவனோடு சங்கிலியைப் பிடி. சாப்பாடு அப்புறம்." மந்திரியின் வாய்ப்பூட்டையும் அவிழ்த்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி உமையாளிடம் நீட்டினார். அவள் கும்பிட்டு வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கட்டு விறகு முழுவதையும் அடுப்பில் திணித்தாள். சோறு பொங்கி வந்தது.

ஆனால் உண்டு உறங்கி எழுந்தால் உத்தரவை மாற்றுகிறவர் அந்த ராஜா என்பது அவளுக்குத் தெரியும். ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார். உமையாள் ஆவி பறக்கும் சோற்றுப் பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ராஜா இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. ஒன்பது பேரும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று தெருவில் தண்டோரா போடும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் முதல் கரண்டிச் சோற்றை இலையில் வைத்தாள்.