சிரஸ்தாரின் குறை

“பதினெட்டு வருஷமாக மாடாய் உழைத்தேன், தாசில்தார் வேலையை நேற்று வந்த பயலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்!”

இதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் ஆபத்சகாயம் பிள்ளை மடத்துச் சாமியின் காதைப் புளிக்க வைத்துவிட்டார்.

“அதற்கு நான் என்ன செய்ய ஐயா?”

“கலெக்டர் துரை இன்று இங்கே வருகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். சீடனுக்காக இதுகூடக் கூடாதா?”

சாமி காவி கட்டுமுன் ஜில்லாக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்ததே என்று துரை அடிக்கடி வருவார். பிள்ளைக்கும் இங்கிலீஷ் தெரியும். வருஷா வருஷம் வரிக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் குடியானவர்கள் சொல்வதைத் துரைக்கு எடுத்துச் சொல்வதே அவர் வேலை. ஆனால் சொந்தக் குறையைத் தானே சொன்னால் திமிர் என்பார்கள்.

“துரை முன்னால் தமிழிலேயே கொட்டும். நான் எடுத்துச் சொல்கிறேன்.”

துரை வந்தார். பிள்ளை கொட்டினார்.

“என்னிடம் வேலை பழகியவன் முன்னால் நான் கைகட்டி நிற்கணுமா? வீட்டில்கூட மதிப்பில்லை. இதற்கு நான் செத்துப் போகலாம்!”

சாமி துரையிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: “தங்கள் தயவால் சௌக்கியமாம். தங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லையாம்.”

பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறுக்கே பேசினால் இருக்கிற வேலையும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். துரை பூரித்துப் போய் அவர் தோளைத் தட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.

“சாமியா நீங்கள்? நான் சொன்னது என்ன, நீங்கள் சொன்னது என்ன? என் பிழைப்பய்யா இது!”

“ஏரி உடைந்து பயிர் போச்சு, வரியைத் தள்ளுங்கள் என்று கீழக்குறிச்சிக்காரர்கள் ஜமாபந்தியில் அழுதார்களே. துரையிடம் என்ன சொன்னீர்?”

“துரைக்குக் கோபம் வரக்கூடாதே என்று… பதமாகச் சொல்வது வழக்கம்தானே?”

“பந்தலோரம் நின்று கேட்டேன். தயவால் சௌக்கியம், சிரமப்படுத்த விரும்பவில்லை என்றீர். அப்புறம் அவர்கள் உழவு மாடு ஏலத்தில் போச்சு. உம்முடைய வார்த்தையில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.”

குதிரை வாய்க்கால் பாலத்தில் ஏறிவிட்டது.

“கூப்பிடுங்கள் சாமி. நான் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள்.”