கட்டுப் போட்ட கால்

ரிட்டயரான ஏட்டு சூசைமரியான் மாதாவையே சந்தேகப்படுகிற ஆள். கூட நடந்து வருகிற டைல்ஸ்காரன் அடைக்கலத்தைச் சும்மா விடுவாரா?

"அவன் ஃபிராடு சிஸ்டர். காலையில வலது கால்ல நொண்டினான். மத்தியானம் கட்டு இடது காலுக்கு வந்துடுச்சு. ஆயுசு பூரா ஸ்டேஷன்ல இருந்தவன்கிட்டயா?"

சிஸ்டர் அமலி வெந்நீரில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். ஏட்டுக்கு மகள் வயசு. ஆனாலும் மனைவி ரெஜினா செத்த பிறகு அவருக்கு ஜெபமாலை சொல்லக் கற்றுக்கொடுத்தது இந்தச் சிஸ்டர்தான். எந்தக் கேள்வி என்றாலும் ஏட்டு இங்கேதான் வருவார்.

வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிற கூட்டம் அது. முன்னால் மாதா சப்பரம், பின்னால் ஜனம். திருவாரூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் தங்கியிருந்தார்கள்.

ஏட்டுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் சுகமாக வேண்டும், நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் ரெஜினா. அவள் நடக்கும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கடனை நான் தீர்க்கிறேன் என்று இவர் கிளம்பிவிட்டார். கிளம்பும்போதே கறாராகச் சொன்னார்: "எனக்காக யாரும் நிக்கக் கூடாது. நின்னா பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவேன்."

அப்படி நிற்க வேண்டியே வரவில்லை. அடைக்கலம்தான் அடிக்கடி "ஐயோ, கால்" என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவான். சப்பரம் நிற்கும். கடைசியில் வருகிற ஏட்டு அவனை முறைத்துக்கொண்டே வந்து சேருவார்.

"ரெஜினா எனக்காக வேண்டிக்கிட்டா. மாதா அவளையே கொண்டுபோயிட்டாங்க. இந்தப் பொய்க்காரனுக்கு மட்டும் சப்பரம் நிக்குது. இந்த மாதாவா சிஸ்டர் எனக்குச் சுகம் கொடுக்கப்போறாங்க?"

அழுகை வந்தது. மீசையைத் தடவி மறைத்தார்.

தங்குகிற இடத்தில் நடந்தவர்களின் காலைச் சிஸ்டர் கழுவிவிடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். ஏட்டு மட்டும் ஒருநாளும் காலைக் காட்டியதில்லை.

சிஸ்டர் வெந்நீர் பேசினை அவர் கையில் கொடுத்தார். "இன்னிக்கு அடைக்கலத்துக்கு நீங்க கழுவிவிடுங்க."

ஏட்டுக்குக் குஷி. கட்டை அவிழ்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

"வேணாம் ஏட்டையா, விடுங்க" என்று அடைக்கலம் காலை இழுத்துக்கொண்டான். அவரா விடுவார்? பிடித்து அவிழ்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"எல்லாரும் வந்து பாருங்க! எதுக்குடா நடிச்ச? சொல்லுடா!"

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்காக நின்னா ஊருக்குப் போயிடுவேன்னீங்க. பின்ன வேற எப்படி நிக்கிறது?"

யாரும் வந்து பார்க்கவில்லை. சப்பரம் இழுக்கிறவர்களும் சோறு போடுகிறவர்களும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும்.

ஏட்டு சிஸ்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

சிஸ்டர் தலையசைத்தார்.

"அப்ப... ரெஜினா எனக்காக வேண்டிக்கிட்டது வீணாப் போகலையா சிஸ்டர்?" ஏட்டுக்குக் கண்ணீர் வழிந்தது. இந்தத் தடவை மீசையைத் தடவவில்லை.

சிஸ்டர் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பேசினை நகர்த்தினார்.

"தண்ணி ஆறுது ஏட்டையா. காலைக் காட்டுங்க."