ரெஜினாவின் ஒரே ஒரு பங்கு

“தாரகை ஏறுமா, ஏறாதாம்மா?”

ஏகாம்பரம் சார் கேட்டது இதைத்தான். கேட்டது ரெஜினாகிட்ட. பாடி பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவங்க. அவங்களுக்கு வயசு நாப்பத்திரண்டு, சாருக்கு அறுபத்தொண்ணு.

நாங்க ரெஜினாவை குருவம்மான்னு கூப்பிடுவோம். பாதி கிண்டல், பாதி நிஜம். முப்பது கம்பெனியில பங்கு வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணு. வருஷக் கூட்டத்துல எழுந்து கேள்வி கேக்க ஒண்ணு போதும், மிச்சம் எதுக்குன்னு சொல்வாங்க.

நாங்கன்னா யாரு? தாரகை ஸ்மார்ட் கார்ட்ஸ்ல காசைப் போட்டுட்டு முழிக்கிற கூட்டம். பஸ் பாஸ், பேங்க் கார்டு, இதுக்குள்ள சிப்பு வெக்கிற கம்பெனி அது. எங்க வாட்ஸாப் குரூப்ல நானூத்திப் பன்னெண்டு பேர். ஏகாம்பரம் சார்தான் அட்மின். காலையில ஒம்பதேகாலுக்கு மார்க்கெட் திறந்ததும் அன்னிக்கு விலையைப் போடுவார். உடனே பத்து பேர் ரோஜாப்பூ படம் அனுப்புவாங்க.

விலை இறங்கினா யாராவது ‘ஆவரேஜ் பண்ணிடுங்க’ன்னு எழுதுவான். இறங்கின விலையில இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டா சராசரி விலை குறையுமாம். நஷ்டம் குறையாது. அது தெரிஞ்சும் வாங்கினோம். நானும் வாங்கினேன்.

சார் முப்பத்தி நாலு வருஷம் லேத்துல நின்ன ஆளு. ரிட்டயர் ஆகி வந்த பணம் ஏழு லட்சத்தை மாடியில ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடணும்னு வெச்சிருந்தார். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பெருக்கிடலாம்னு தாரகையில போட்டார். நாப்பத்தெட்டு ரூபாயில ஆரம்பிச்சு ஆவரேஜ் பண்ணிப் பண்ணி இருபத்திரண்டாயிரம் பங்கு சேர்ந்துது. இப்ப விலை நாலு ரூபா. மொட்டைமாடியில தூணுக்கு விட்ட கம்பி நாலு வருஷமா துருப்பிடிச்சு நிக்குது.

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தாங்க.

“ஏறினா என்ன சார் பண்ணுவீங்க?”

வித்துடுவேன்னார்.

“இறங்கினா?”

இன்னும் கொஞ்சம் வாங்குவேன்னார்.

“அப்போ அந்தக் கம்பெனி எப்பதான் சார் உங்களோடது?”

சாருக்குக் கோவம் வந்துடுச்சு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் துப்பில்ல, இதுல குருவம்மா ஒரு கேடான்னு முணுமுணுத்துட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

மூணு வாரம் கழிச்சு கம்பெனியில இருந்து நோட்டீஸ் வந்துது. சிப்பு வெக்கிற பிரிவை மட்டும் தனியா விக்கப் போறாங்களாம், வருஷக் கூட்டத்தை ஒட்டி அதுக்கு ஓட்டெடுப்பாம். வாங்கறது சேர்மனோட மருமகன்.

ஆர்டர் வர்ற ஒரே பிரிவு அதுதான். அதைக் கழட்டிட்டா மிச்சம் ஒரு வாட்ச்மேனும் ஒரு ஜெனரேட்டரும்தான்.

ரெஜினா அந்த நோட்டீஸைப் பெருசாக்கிக் கடைக் கண்ணாடியில ஒட்டினாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் விளக்கினாங்க. சொந்தக்காரனுக்கு விக்கிறதால சேர்மன் குடும்பம் இந்தத் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது, சட்டம் அப்படி. நம்மள மாதிரி வெளி ஆளுங்க ஓட்டுதான் செல்லும்.

நாங்க தலையாட்டிட்டு வீட்டுக்குப் போனோம். யாருக்கும் ஓட்டுப் போடற எண்ணம் இல்ல. நம்ம ஓட்டுல என்ன ஆகப் போவுதுன்னு ஒரு நெனப்பு.

கம்பெனிக்காரனுக்கு அந்த நெனப்பு இல்ல. ஜனார்த்தனன்னு ஒருத்தரை சார்கிட்ட அனுப்பினான். ஓட்டல்ல உக்கார வெச்சுப் பொங்கல், வடை எல்லாம் வாங்கிக் குடுத்துப் பேசியிருக்கார். நாலு ரூபாப் பங்கைப் பதினஞ்சு ரூபாய்க்கு எடுத்துக்கறாங்களாம். மொத்தமா மூணு லட்சத்து முப்பதாயிரம். பதிலுக்கு சார் குரூப்ல ஒரே ஒரு வரி போடணும். ‘தீர்மானம் நமக்கு நல்லது, எல்லாரும் ஆதரிச்சு ஓட்டுப் போடுங்க.’

சார் அங்கிருந்து நேரா ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். நான் ஆதார் காப்பி எடுக்க நின்னுட்டிருந்தேன். மழை பெய்யறப்பல்லாம் வீட்டுக்காரம்மா மேல போய் அந்தக் கம்பியைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம இறங்கி வர்றாங்கன்னார். இதை விட்டா அந்தப் பணத்துல பாதிகூட இந்த ஜென்மத்துல திரும்பாதுன்னார். நான் என் பங்கை நெனச்சுக்கிட்டேன். என்னோடது மூவாயிரம் பங்கு.

“வாங்கிக்கட்டுமா, வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா.”

ரெஜினா மெஷின்ல பேப்பரைத் திருப்பி வெச்சாங்க.

“தாரகையில எனக்கும் ஒரு பங்கு இருக்கு. அதுக்கு எவ்வளவு தருவார்னு கேளுங்க.”

விளையாடறாங்கன்னு நெனச்சோம். அவங்க சிரிக்கல. சார் போனை ஸ்பீக்கர்ல போட்டார்.

ஜனார்த்தனன் விழுந்து விழுந்து சிரிச்சார். ஒரு பங்கா? பதினஞ்சுக்குப் பதிலா இருபதாவே குடுத்துடலாம் சார், டீ சாப்பிடட்டும்னார். யார் அந்த முதலாளின்னு கேட்டார்.

சார் பேரைச் சொன்னார். பாடி ரெஜினா.

சிரிப்பு நின்னுது. பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்னு வெச்சுட்டார்.

கூப்பிட்டார். இந்தத் தடவை குரல்ல சர்க்கரை இல்ல.

“அந்தம்மா கூட்டத்துல பேசாம இருக்கணும். பேசாம இருந்தா ஒரு லட்சம்.”

சார் போனைக் கீழ வெச்சார். ஒரு காலேஜ் பொண்ணு வந்து மார்க் ஷீட் காப்பி கேட்டுது. ரெஜினா எடுத்துக் குடுத்து நாலு ரூபா வாங்கிக் கல்லாவுல போட்டாங்க.

சார் ஸ்டூல்ல உக்காந்துட்டார். வாய்க்குள்ளயே கணக்குப் போட்டார். கணக்கு என்ன பெரிய கணக்கு, எனக்கே தெரிஞ்சுது.

“ஒண்ணு ஒரு லட்சம். என்னோடது பதினஞ்சு ரூபா,” அப்படின்னார்.

“நல்ல ரேட்டுதான் சார். நீங்க வாங்கிக்கங்க.”

சொல்லிட்டு ரெஜினா மெஷின் பக்கம் திரும்பிட்டாங்க. அறைஞ்சிருந்தாகூட அவ்வளவு வலிச்சிருக்காது. சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் வெக்கமா இருந்துது. என் மூவாயிரத்துக்கு ஒரு பய போன்கூடப் பண்ணலையே.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஜனார்த்தனனைக் கூப்பிட்டார். வேணாம்னார். அந்தாளு பதினெட்டுன்னார். அப்புறம் இருபத்திரண்டு. இருபத்தஞ்சுக்கு ரூமையே கட்டிடலாமே சார்னார். பொங்கல் சாப்பிடறப்ப இவர் ரூம் விஷயத்தை உளறியிருக்கார்.

“என் வீட்டு மாடியை நான் பார்த்துக்கறேன். நீ போனை வெய்யி.”

முப்பத்தி நாலு வருஷம் சூப்பர்வைசருக்கு சலாம் போட்ட மனுஷன். அவர் வாயில இருந்து ‘நீ’ங்கற வார்த்தையை அன்னிக்குத்தான் கேட்டேன்.

வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கார். வீட்டுக்காரம்மா ரெண்டு நாள் பேசல. அவங்க கோவம் நியாயம்தான்.

மறுநாள் ஒம்பதேகாலுக்கு குரூப்ல விலை வரல. ‘இனிமே ரேட் போட மாட்டேன். நம்ம கம்பெனியை நம்மகிட்ட இருந்து திருடறாங்க. தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போடுங்க’ன்னு வந்துது. அதுக்கும் ஒருத்தன் ரோஜாப்பூ அனுப்பினான். இன்னொருத்தன், இப்ப ஆவரேஜ் பண்ணலாமா சார்னு கேட்டான். சார் அவனுக்கு நேரா போன் போட்டுக் குடுத்தார் பாருங்க, காது கொப்புளிச்சிருக்கும்.

நாலு நாள் ஓட்டுப்பதிவு. சார் லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா போன் பண்ணார். போன்ல ஓட்டுப் போடத் தெரியாதவங்களுக்கு ரெஜினா கடையில கம்ப்யூட்டரைத் திறந்து குடுத்தாங்க, காசு வாங்கல. பதினோரு வருஷமா பங்கு வெச்சிருக்கிற நான் முதல் தடவையா ஓட்டுப் போட்டேன்.

அப்புறம் கூட்டம். இப்பல்லாம் அது வீடியோவுலதான்.

அதுல ஒரு சம்பிரதாயம் இருக்கு. பேச வர்றவங்க பேர், ஊர், எத்தனை பங்குன்னு முதல்ல சொல்லணும். அப்புறம் சேர்மனைப் புகழணும். ஆண்டறிக்கை அட்டை பிரமாதம்னு சொல்லணும். கடைசியா, அடுத்த வருஷமாவது ஸ்வீட் பாக்ஸ் அனுப்புங்கன்னு கேட்டுட்டு உக்காரணும். போன வருஷம் சாரும் அதைத்தான் பண்ணார். இருபத்திரண்டாயிரம்னு அழுத்திச் சொல்லிட்டு டைரி கேட்டார்.

இந்த வருஷம் பேசறவங்க பட்டியல்ல ரெஜினா பேர் இல்ல. ஏதோ தொழில்நுட்பக் காரணம்னாங்க. சார் பேரை மட்டும் விட்டு வெச்சிருந்தாங்க. கடைசி நிமிஷத்துல படிஞ்சுடுவார்னு கணக்கு.

சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தார். நாங்க ஏழு பேர் பின்னாடி நின்னோம். திரையில சேர்மன் கையைக் கட்டிக்கிட்டு சிரிச்ச முகமா இருந்தார். கூட்டத்தை நடத்தின பொண்ணு பேர் படிச்சுது.

“அடுத்து திரு. ஏகாம்பரம். வணக்கம் சார். எத்தனை பங்கு வெச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க.”

சார் மைக்கைக் கிட்ட இழுத்தார்.

“ஒண்ணுன்னு எழுதிக்கம்மா. சேர்மன் சார், கையைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு பதில் சொல்லுங்க. முதல் கேள்வி.”